எட்டடி வழி விடுங்கண்ணே!

இடம்: மதுரை கீழவாசல் பக்கம் ஒரு தெரு. எதிரெதிரே ரெண்டு ஆட்டோ வந்தால் யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். யார் என்பதில்தான் பிரச்சினை.

நேரம்: சனிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் ஒரு வீட்டில் காதணி விழா.

வார்டு கவுன்சிலர் ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறார். பந்தல்காரர் தெரு நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கடப்பாரையால் பேவர் பிளாக்கை நெம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது அறுபது இருக்கும். இந்த வார்டில் அவர் குழி தோண்டாத தெரு இல்லை.

கவுன்சிலர்: அண்ணே, நிறுத்துங்க! கடப்பாரையக் கீழ போடுங்க மொதல்ல.

பந்தல்காரர்: வாங்க தாயி. கீழ போட்டா கால்ல விழுகும், கையிலயே இருக்கட்டும்.

கவுன்சிலர்: இந்தக் கல்லு பதிக்க நான் எத்தனை தடவ மாநகராட்சிப் படி ஏறி இறங்குனேன்னு தெரியுமா? பதிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள குழி தோண்டுறீங்க!

பந்தல்காரர்: யாரு தோண்டுனா? கல்லை எடுத்து ஓரமா வைக்கிறேன். விசேஷம் முடிஞ்சதும் எடுத்த மாதிரியே அடுக்கிருவேன்.

கவுன்சிலர்: போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அந்த முக்குல போய்ப் பாருங்க, கல்லு தாளம் போடுது. மழை பேஞ்ச அன்னைக்கு ஆட்டோ ஏறுனா, சேறு நேரா எதித்த வீட்டு மாவு ஆட்டுற பாட்டி மூஞ்சியில அடிக்குது.

பந்தல்காரர்: அது ஒரு சூட்சுமம் தாயி, எனக்கே இன்னும் பிடிபடல. எம்புட்டுக் கவனமா அடுக்குனாலும் கடைசியில ஒரு கல்லு மிச்சம் வந்துருது.

கவுன்சிலர்: மிச்சம் வந்த கல்லெல்லாம் எங்க?

பந்தல்காரர்: எங்க வீட்டு வாசல்ல மழைத்தண்ணி தேங்குதுன்னு உங்ககிட்ட மனு குடுத்தேன்ல?

கவுன்சிலர்: ஆமா, இன்னும் வந்து பாக்க முடியல...

பந்தல்காரர்: இனிமே வர வேண்டியதில்ல தாயி. வாசல் சரியாப் போச்சு.

கவுன்சிலர்: (பல்லைக் கடித்து) அதை அப்புறம் பேசுவோம். இந்தப் பந்தலுக்கு யாரு அனுமதி குடுத்தா? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்களா? ஆபீஸ்ல பணம் கட்டுன ரசீது இருக்கா?

பந்தல்காரர்: ரசீது எதுக்கு? அங்கிட்டுப் பாருங்க.

(தெரு முனையில் பெரிய பிளக்ஸ். காது குத்திக்கொள்ளப் போகும் குழந்தை ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருக்கிறது. மிச்ச இடம் முழுக்கக் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். வலது ஓரத்தில், கைகூப்பியபடி கவுன்சிலர்.)

பந்தல்காரர்: நாலடி உசரத்துக்குக் கும்பிட்டு நிக்கிறீங்க. 'வருக வருக'ன்னு வேற போட்டிருக்கு. இதுக்கு மேல அனுமதின்னு எதைக் கேக்க?

கவுன்சிலர்: அய்யோ, இதை வைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லண்ணே!

பந்தல்காரர்: யாருமே சொல்லல. பிளக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல உங்க படம் நிரந்தரமா இருக்கு. இந்த வார்டு ஆர்டர் எது வந்தாலும் ஓரத்துல உங்களை ஒட்டிருவான். போன மாசம் கண்ணீர் அஞ்சலியிலயும் இதே சிரிப்போடதான நின்னீங்க?

கவுன்சிலர்: அந்த வீட்டுக்காரவுக இன்னும் என்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. சரி, அந்த பிளக்ஸுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுமா?

பந்தல்காரர்: சுவரு.

கவுன்சிலர்: 'ஒரு வழிப்பாதை' போர்டு!

பந்தல்காரர்: போர்டு தெரிஞ்ச காலத்துலயும் ரெண்டு பக்கமும்தான் வண்டி வந்துச்சு. இப்ப மனசு உறுத்தாம வர்றாய்ங்க, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

கவுன்சிலர்: உங்களுக்கு எல்லாம் வேடிக்கை. காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் போன். 'அக்கா, ஷேர் ஆட்டோ வாசல்லயே நிக்குது.' 'அக்கா, குப்பை வண்டி உள்ள வர மாட்டேங்குது.' சிக்னல்ல நிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு கீழவாசல் வண்டியெல்லாம் இந்தத் தெருவுக்குள்ளதான் பூந்து போகுது. போதாக்குறைக்கு கூகுள் மேப்பு வேற இதைக் குறுக்கு வழின்னு காட்டுது.

பந்தல்காரர்: அது பாவம், பந்தல் போட்டா அதுக்கு எப்படித் தெரியும்? பெங்களூர் நம்பர் கார் ஒண்ணு போன விசேஷத்துக்கு நேரா பந்தி நடக்குற இடத்துல வந்து நின்னுச்சு. அந்தக் குரல் 'நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது'ன்னு சொல்லவும், சமையல்காரரு எலையைப் போட்டுட்டாரு.

கவுன்சிலர்: சிரிக்காதீங்கண்ணே. எல்லாப் பேச்சும் எனக்குத்தான் விழுகுது. தெரு மாநகராட்சிக்கு. மெயின் ரோடு நெடுஞ்சாலைத்துறைக்கு. சிக்னல் போலீஸுக்கு. கம்பம் மின்வாரியத்துக்கு. எனக்குன்னு சொந்தமா இருக்கிறது அந்த போன் நம்பர் ஒண்ணுதான்.

பந்தல்காரர்: மாமன்றத்துல எந்திருச்சுப் பேச வேண்டியதுதான?

கவுன்சிலர்: 100 வார்டுண்ணே! எனக்கு முந்திப் பேசுனவரு அவரு வார்டு நாயைப் பத்திப் பேசுனாரு. எனக்குப் பிந்திப் பேசுனவரும் நாயைப் பத்தித்தான் பேசுனாரு. நடுவுல நான் டிராபிக்னு சொன்னது, நாய் குறுக்க வந்து டிராபிக்னு பதிவாயிருச்சு.

பந்தல்காரர்: அந்தக் காலத்துல இப்படியா? வெள்ளைக்காரக் கலெக்டரு, பிளாக்பர்னு பேரு. 1840 வாக்குல ஊருக்குள்ள நெருக்கடி தாங்கலன்னு கோட்டைச் சுவரையே இடிச்சுத் தள்ளி அகழியை மூடிட்டாரு. வெளி வீதி அப்படி வந்ததுதான? விளக்குத்தூணே அவரு ஞாபகமா நட்டதுதான்.

கவுன்சிலர்: அவரு கோட்டையை இடிச்சாரு. என்னால முக்குல இருக்குற செருப்புக்கடை படிக்கட்டை ஒரு சாண் உள்ள தள்ள முடியல.

பந்தல்காரர்: பிளாக்பர்ன் தொரைக்கு ஓட்டு வேணுமா தாயி? செருப்புக்கடை வீட்டுல எட்டு ஓட்டு இருக்கு.

கவுன்சிலர்: ஒன்பது. சின்னவனுக்குப் பதினெட்டு ஆயிருச்சு.

(இருவரும் கொஞ்ச நேரம் செருப்புக்கடைப் படிக்கட்டைப் பார்க்கிறார்கள். அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.)

கவுன்சிலர்: அதனாலதாண்ணே ஒரு யோசனை வச்சிருக்கேன். விசேஷம் எதுவும் இல்லாத மாசமாப் பாத்து, தெருவுல இருக்குற எல்லா ஆக்கிரமிப்பையும் எடுத்து, கோடு போட்டு, போர்டுல உள்ளபடியே ஒருவழிப்பாதையா ஆக்கிரலாம். எந்த மாசம் சும்மா இருக்கும்? பந்தல்காரர் உங்களுக்குத்தான் தெரியும்.

பந்தல்காரர்: தையில பொங்கல், தெப்பம். மாசியில சிவராத்திரி, குலசாமி கும்பிட வேன் வேனாப் போவாய்ங்க, வேன் எல்லாம் இங்கதான் நிக்கும். பங்குனியில உத்திரம், பால்குடம். சித்திரையப் பத்திச் சொல்லவே வேணாம். வைகாசி பூராக் கல்யாணம்.

கவுன்சிலர்: ஆடியில கல்யாணம் இல்லல்ல?

பந்தல்காரர்: கல்யாணம் இல்ல. முளைப்பாரி இருக்கு, கூழு இருக்கு, ராத்திரிக்கு ஆடல் பாடல் இருக்கு. ஆவணியில மூலத் திருவிழா, பிள்ளையார் ஊர்வலம். புரட்டாசியில கொலு. ஐப்பசியில தீபாவளி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்க வந்த சனம் இந்தத் தெரு வழியாத்தான் வெளிய வடியும்.

கவுன்சிலர்: மார்கழி! மார்கழி சும்மாதான கெடக்கு?

பந்தல்காரர்: கோலம் தாயி. வண்டி மிதிச்சா நீங்கதான் வந்து பஞ்சாயத்துப் பண்ணணும்.

கவுன்சிலர்: (தலையில் கை வைத்து) திருமலை நாயக்கரு செஞ்ச மாதிரித்தான் செய்யணும் போல. மாசியில நடந்த திருவிழாவைச் சித்திரைக்குத் தள்ளி, அழகர் விழாவோட சேத்துவிட்டாருன்னு சொல்லுவாக.

பந்தல்காரர்: அதான் தேர் சித்திரை மாசத்துல மாசி வீதியில ஓடுது. மாசம் மாறிப்போச்சு, ரோடு மாறல.

கவுன்சிலர்: அதே மாதிரி நம்ம வார்டுலயும் சேத்துருவோம்ணே! நாலு வீட்டுக் காதுகுத்து, ரெண்டு வீட்டுக் கிரகப்பிரவேசம், சடங்கு, எல்லாம் ஒரே நாள், ஒரே பந்தல். வருசத்துல பத்து நாளு அடைச்சாப் போதும்.

பந்தல்காரர்: என் பொழப்புல மண்ணு விழுகுறதை விடுங்க. மொய்யை எப்படி எழுதுவீங்க? காதுகுத்து மொய்யைச் சடங்கு நோட்டுல மாத்தி எழுதுனா வெட்டுக்குத்து ஆயிரும். நாயக்கரு ராசா, அதனால சேத்தாரு. சாமிக சண்டை போடாது. சம்பந்திக போடுவாய்ங்க.

கவுன்சிலர்: அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு பாத்தீங்களா? அழகர் வர்ற அன்னைக்கு ஊரே அடைச்சுக் கெடக்கு. மூணுமாவடியில இருந்து ஆத்துக்குள்ள வரைக்கும் ஒரு சைக்கிள் போக முடியாது. அன்னைக்கு மட்டும் எனக்கு ஒரு போனு வராது!

பந்தல்காரர்: எப்படி வரும்? போன் போடுறவனும் கூட்டத்துக்குள்ளதான நிக்கிறான். அழகரே தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாத்தான் வர்றாரு. வழி நெடுக மண்டகப்படி, ஒவ்வொண்ணுலயும் நின்னு வரணும்ல. ஷேர் ஆட்டோவும் அதே கணக்குத்தான், கை காட்டுற எடத்துல எல்லாம் ஒரு மண்டகப்படி.

கவுன்சிலர்: வேலை நடக்கலன்னா மட்டும் நான் வேணும். புட்டுக்கு மண் சுமந்த கதையில சாமி என்ன செஞ்சாரு? வைகைக் கரையை அடைக்க வந்தவரு, வந்திக் கிழவி குடுத்த புட்டைத் தின்னுட்டு மர நிழல்ல படுத்துட்டாரு. பாண்டியன் பெரம்பால ஒரு அடி வச்சான். அந்த அடி ஊர்ல உள்ள எல்லா உசுருக்கும் விழுந்துச்சு. இங்க யாரு புட்டைத் தின்னுட்டுத் தூங்குனாலும், அடி எனக்கு மட்டும்தாண்ணே விழுகுது!

பந்தல்காரர்: (மனம் இளகி) அழாதீங்க தாயி. டிராபிக்குக்கு நானும் என்னால ஆனதைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கவுன்சிலர்: நீங்களா?

பந்தல்காரர்: வெயில் காலத்துல சிக்னல்ல பச்சைத் துணிப் பந்தல் போடுறாங்கள்ல? ஒரு சிக்னல்ல நான்தான் போட்டேன். அதுக்கு முந்தி செகப்பு விழுந்தாலும் ஒருத்தன் நிக்க மாட்டான். பந்தல் போட்டதுல இருந்து பச்சை விழுந்தாலும் நகர மாட்டேங்குறான், நிழலு நல்லாருக்குன்னு. போலீசால நிறுத்த முடியாததை என் துணி நிறுத்துச்சு.

கவுன்சிலர்: அப்ப இந்தத் தெருவுக்கும் ஏதாவது நல்லது செய்யலாம்ல?

பந்தல்காரர்: அதான் புதன்கிழமை வச்சிருக்கமே. இதே எடத்துல, இதைவிட ரெண்டு மடங்கு பந்தல். 300 சேரு, மேடை, மைக்கு. தெருவை ரெண்டு பக்கமும் அடைச்சுக் கட்டச் சொல்லி உங்க வீட்டுக்காரரு அட்வான்ஸ் குடுத்துட்டாரே.

கவுன்சிலர்: எதுக்கு?

பந்தல்காரர்: (சட்டைப் பையிலிருந்து துண்டுச்சீட்டு எடுத்து, கையை நீட்டித் தூரமாய் வைத்துப் படிக்கிறார்) 'போக்குவரத்து நெரிசல் விழிப்புணர்வுப் பொதுக்கூட்டம்.' தலைமை... நீங்கதான் தாயி.

(நீண்ட மௌனம். பின்னால் ஒரு பல்சர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.)

கவுன்சிலர்: அதை மண்டபத்துல வைக்கச் சொல்லித்தான சொன்னேன்.

பந்தல்காரர்: மண்டபத்துல வச்சா யாரு வருவா? ரோட்டை அடைச்சாத்தான் போறவன் வர்றவன் நிப்பான். நின்னாத்தான விழிப்புணர்வு?

கவுன்சிலர்: அந்தாளை வீட்டுல போய்ப் பேசிக்கிறேன். ரேடியோ செட்டாவது சத்தம் இல்லாம வைங்க. 2000-லயே விதி போட்டாச்சு. ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 6 மணி வரைக்கும் குழாய் போடக் கூடாது. குடியிருக்குற பகுதியில பகல்லயே 55 டெசிபல்தான்.

பந்தல்காரர்: என் செட்டுல அந்தத் திருகு 10-ஓட முடிஞ்சிருதே தாயி. 55-க்கு நான் எங்க போக?

கவுன்சிலர்: (விட்டுவிட்டு) போகட்டும். விசேஷ வீட்டுல தண்ணிக்கு என்ன பண்றாக? சமையலுக்கு, கை கழுவ...

பந்தல்காரர்: ரெண்டு லாரி தண்ணி சொல்லியிருக்காய்ங்க.

கவுன்சிலர்: பந்தலைப் போட்டுட்டா லாரி எப்படி உள்ள வரும்?

பந்தல்காரர்: பந்தலுக்கு முந்தி வரணும். நாலு மணிக்கே வரச் சொன்னோம்.

கவுன்சிலர்: வந்துச்சா?

பந்தல்காரர்: இன்னும் வரல. டிரைவர் போன் பண்ணுனான். அடுத்த தெருவுல நிக்கிறானாம்.

கவுன்சிலர்: ஏன் நிக்கிறான்?

பந்தல்காரர்: நடுவுல ஒரு பந்தலாம்.

கவுன்சிலர்: பாத்தீங்களா! இதைத்தான் நான் தலைகீழா நின்னு சொல்றேன். எவன் அவன், ஊரைப் பத்தி நெனைப்பே இல்லாம நடுத்தெருவுல பந்தலைப் போட்டவன்?

பந்தல்காரர்: (கடப்பாரையின் நுனியைத் துடைத்தபடி) ...காலையில நான்தான் போட்டேன்.

கவுன்சிலர்: (கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு) இப்பச் சொல்றதைக் கேக்குறீங்க. இந்தத் தெரு அகலம் எம்புட்டு?

பந்தல்காரர்: பதினாலு அடி. செருப்புக்கடை படிக்கட்டுப் போகப் பதிமூணு.

கவுன்சிலர்: லாரிக்கு எட்டடி வேணும். அந்தப் பக்கம் எட்டடி விட்டுட்டு, இந்தச் சுவத்தோட ஒட்டி அஞ்சடிக்குச் சாய்ப்பு எறக்குங்க. குழி கெடையாது. சிமெண்டு ஊத்துன டின்னு வச்சிருக்கீங்கல்ல, அதுல கம்பை நிறுத்துங்க. பந்தி மாடியில. சேரு எல்லாம் உள்ள.

பந்தல்காரர்: சேரு போகும், பந்தி போகும். மொய் டேபிளு?

கவுன்சிலர்: அதுவும் உள்ளதான்.

பந்தல்காரர்: (எழுந்தே நின்றுவிடுகிறார்) தாயி, அது மட்டும் ஆகாது! மொய் டேபிள் ரோட்டைப் பாத்துத்தான் இருக்கணும். உள்ள போட்டா வர்றவன் கறிச்சோத்தைத் தின்னுட்டு, கொல்லைப்பக்கமாப் போயிருவான். பத்து வருசமா இவுக எல்லா வீட்டுக்கும் செஞ்ச மொய் நாளைக்குத் திரும்பணும். மைக்குல பேரு வாசிக்கும்போது எழுதுறவனுக்கு நேரா தெருவுல போற அத்தனை பேரும் தெரியணும். செய்ய வேண்டியவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுக் கடந்து போயிறக் கூடாது.

கவுன்சிலர்: அப்ப நாளைக்கு நிக்கப் போற வண்டியெல்லாம் பந்தலுக்காக இல்ல, மொய்க்காகத்தான் நிக்கப் போகுது?

பந்தல்காரர்: எல்லாத் தெருவுலயும் அதுக்குத்தான் நிக்குது. நீங்க சும்மா சிக்னலைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க.

கவுன்சிலர்: (கொஞ்சம் யோசித்து) சரி. டேபிளை நீளவாக்குல போடாதீங்க. சுவத்தோட ஒட்டிக் குறுக்குவாக்குல போடுங்க. வண்டியை முக்குல நிறுத்திட்டு நடந்து வந்து எழுதட்டும். இந்தச் சுவரு யாரு வீட்டுச் சுவரு?

பந்தல்காரர்: போன எலெக்சன்ல உங்களை எதுத்து நின்னவரு வீடு.

கவுன்சிலர்: நல்லா ஒட்டியே போடுங்க. குழாயையும் அந்தப் பக்கம் திருப்பி வைங்க.

(பந்தல்காரர் கடப்பாரையைத் திரும்ப வாங்கி, நெம்பி எடுத்த கல்லையெல்லாம் பதிக்க ஆரம்பிக்கிறார். ஒவ்வொன்றாக வைத்துக் குதிகாலால் மிதிக்கிறார். கவுன்சிலர் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். கடைசிக் குழி நிறைந்த பிறகு, அவர் கையில் ஒரு கல் இருக்கிறது.)

பந்தல்காரர்: சொன்னேன்ல?

(அவ்வளவு நேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பல்சர்க்காரர், ஒரு கையில் போனைப் பிடித்தபடி மெதுவாக வந்து நிற்கிறார்.)

பல்சர்க்காரர்: அண்ணே, விளக்குத்தூணுக்கு இப்படியே நேராப் போகலாமா?

கவுன்சிலர்: போகக் கூடாது தம்பி, இது ஒருவழி. திரும்பி அந்தப் பக்கமாச் சுத்திப் போங்க.

பந்தல்காரர்: இப்பப் போனா அங்கிட்டும் நிக்கத்தான் செய்வ. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேல வா தம்பி. அப்படியே சாப்பிட்டுட்டுப் போயிரலாம்.

கவுன்சிலர்: அண்ணே! வழி கேட்டு வந்தவனைப் பந்திக்குக் கூப்பிடுறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?

பல்சர்க்காரர்: (போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு) கறியா அண்ணே, சைவமா?

பந்தல்காரர்: மூணு ஆடு.

(பல்சர்க்காரர் என்ஜினை அணைத்து, அங்கேயே ஸ்டாண்டு போட்டு இறங்குகிறார்.)

பல்சர்க்காரர்: யாரு வீட்டு விசேஷம்ணே? எங்க சித்தப்பா ஒருத்தரு இந்தத் தெருவுலதான் இருந்தாரு...

கவுன்சிலர்: தம்பி, வண்டியை நடுவுல போடாதீங்க! தம்பி!